சாப் குத்திய பொய்

தினேஸ்வரி தன் நாற்பத்தாறு வயதில் எழுத்தில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். வாயால் சொன்னவற்றுக்குக் கணக்கே கிடையாது. மாமியார் வைத்த மீன்குழம்பு பிரமாதம் என்று சொன்னது, ஊசி வலிக்காது என்று மகளிடம் சொன்னது, இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். சாமியே கண்டுகொள்ளாது. ஆனால் எழுத்தில் சொன்ன அந்த ஒன்றுக்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது, அடையாள அட்டையின் ஐசி நம்பர் இருந்தது, போலீஸ் ஸ்டேஷனின் வட்டமான சாப், அதாவது முத்திரை, நீல மையில் பளிச்சென்று குத்தியிருந்தது. நாலு வருஷம் கழித்து அது இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து அவள் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது!

அது வந்த நாளில் அவள் வேலையில் இருந்தாள். தஞ்சோங் ரம்புத்தான் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு உத்தியோகம். நோயாளிகளின் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. மாலை நாலு மணி. அங்கே இங்கிலாந்தில் காலை. தம்பி யுகேந்திரன்தான்.

"அக்கா, வேலையில இருக்கியா?"

"ஆமாண்டா. சொல்லு. பதில் வந்துருச்சா?"

"வந்துருச்சு. கெடையாதுன்னுட்டான்."

தினேஸ்வரி அழுக்குத்துணி மூட்டை ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டரை வருஷம் அவன் காத்திருந்தது இந்தப் பதிலுக்காகத்தான். சொந்த ஊரில் என் சாமியைக் கும்பிடவும் விடவில்லை, அதைப் பற்றி வாய் திறக்கவும் விடவில்லை, திரும்பிப் போனால் பிடித்து உள்ளே வைப்பார்கள், எனக்கு இங்கே புகலிடம் கொடுங்கள் என்று மனுப் போட்டிருந்தான். வேலை செய்ய அனுமதி கிடையாது. யாரோ ஊர் பேர் தெரியாத மூன்று பேரோடு ஒரே அறையில், ஹீட்டர் இருந்தும் இல்லாத குளிரில், காத்திருந்து காத்திருந்து அவன் குரலே மெலிந்து போயிருந்தது.

"ஏண்டா? ஒன்ன அடிச்ச போட்டோ, வீட்டுல செவப்புப் பெயிண்ட் ஊத்துன போட்டோ, எல்லாந்தான அனுப்பிவச்சேன்?"

"எல்லாத்தையும் அனுப்பிவச்ச. அதான்க்கா வென." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "படிக்கிறேன், கேளு. 'இவருடைய காதில் தெய்வத்தின் குரல் கேட்பதாகவும், இவர் மனநிலை சரியில்லாதவர் என்றும், இவர் பேசியதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்றும் இவருடைய சகோதரியே போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சகோதரி மனநல மருத்துவமனையில் பணிபுரிபவர். எனவே இவருக்கு அரசியல் கருத்து என்று ஒன்று இருந்ததாக ஏற்க முடியவில்லை.' இப்படிப் போட்டுருக்கு. அக்கா, இது நீ எழுதுனதா?"

"தம்பி, அன்னிக்கு நெலம ஒனக்குத் தெரியாது..."

"எழுதுனியா இல்லியா? அத மட்டும் சொல்லுலா."

பெரிய மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் புகுந்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எழுதுனேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "அப்ப என்ன வெளிய விட்டது ஜனங்க வந்து நின்னதுனால இல்ல," என்றான். போனை வைத்துவிட்டான்.

அதுதான் அவளைக் குத்தியது. புகலிடம் மறுத்ததைவிட அதுதான் குத்தியது.

இந்தக் கதையை நெட்டமரத் தோட்டத்திலிருந்து சொல்ல வேண்டும். தாப்பாவிலிருந்து உள்ளே போகிற ரப்பர் தோட்டம் அது. அம்மா மாரியம்மா பால் வெட்டிய இடம். அம்மா செத்தபோது யுகேந்திரனுக்கு ஒன்பது வயது, அப்பா அதற்கும் முன்பே போயிருந்தார். தினேஸ்வரி அப்போதுதான் கல்யாணம் ஆனவள். தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஈப்போவில் புருஷன் வீட்டுக்குள் கால் வைத்தாள். தனேஸ்வரன் நல்ல மனுஷன், பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றும் லோரி ஓட்டுபவன். "நமக்குப் புள்ள ரெடியா வந்துருச்சு," என்று சிரித்தானே தவிர முகம் சுளிக்கவில்லை.

தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை போட்டார்கள், அதையும் வெட்டி வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது ஜனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நடுவில் நின்றது. ஆடி மாசம் வந்தால் ஈப்போ, கம்பார், கோலாலம்பூர் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் கார் பிடித்து வந்து கூழ் ஊற்றிவிட்டுப் போவார்கள். கோயிலைக் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிலத்தை வாங்கியவர்கள் கடிதம் போட்டார்கள். சாமியைக் கொண்டுபோய் அங்கே வைப்பதாம்! கமிட்டியில் பாதிப் பேர் சரி என்றும் பாதிப் பேர் முடியாது என்றும் கத்திக்கொண்டிருக்கும்போதே, ஒரு திங்கட்கிழமை காலையில் மண்வாரி இயந்திரம் வந்து நின்றது.

யுகேந்திரன் கருவறை வாசலில் போய் நின்றான். பேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பையன், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். அன்று என்ன வந்ததோ, பேசினான். "இந்த நாட்டுல எல்லாச் சாமிக்கும் எடம் இருக்கு. எங்க ஆத்தாகிட்ட மட்டும் நெலத்துப் பத்திரம் எங்கன்னு கேக்குறீங்க. ஆத்தா இப்ப என்கிட்ட கேக்குறா. நூறு வருஷமா ஒங்களக் காத்தேனேடா, நான் எங்கடா போறதுன்னு கேக்குறா. இத ஒடைக்கிறவனுக்கும், கைகட்டி வேடிக்க பாக்குற தலைவனுக்கும் இனிமே எங்க ஓட்டு கெடையாது." யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்கப் போய்விட்டது. மதத்தை இழிவுபடுத்திவிட்டான், ஜனங்களைத் தூண்டிவிடுகிறான் என்று பத்து ஊரில் அவன்மேல் போலீஸ் ரிப்போர்ட் விழுந்தது. கோயிலும் விழுந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் தினேஸ்வரியைப் பார்க்க விட்டார்கள். உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கியிருந்தான். "விழுந்துட்டேன்க்கா," என்றான். யாரிடம் கதை விடுகிறான்! அவனுக்கு நடை பழக்கிவிட்டவளே அவள்தான். வெளியே வந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரே அறுபது எழுபது பேர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல ஜனங்கள்தான். ஆனால் அவர்கள் நிற்பதால் கதவு திறக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

பேராக் மாநிலத்தில் யாராவது ஏடாகூடமாகப் பேசினால், "இவனத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது வழக்கம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் கேலிப்பேச்சுதான் அவளுக்கு வழி காட்டியது. பைத்தியக்காரன் பேசியதற்குக் கேஸ் போட முடியாதே! மறுநாள் வேலைக்குப் போகிற உடுப்போடு, நெஞ்சில் ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட அட்டையோடு நேராகப் போய்க் கவுண்டரில் நின்றாள். அங்கே இருந்தது சார்ஜன் ராஜு, தமிழ் ஆள். எங்கே வேலை என்று கேட்டான், சொன்னாள். எந்தப் பிரிவு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்பிக்கு ரொம்ப நாளாகத் தலை சரியில்லை, சாமி காதில் பேசுகிறது என்கிறான், அவனுக்கு அரசியலும் தெரியாது மதமும் தெரியாது, பேசியதற்கு அர்த்தமே கிடையாது என்று சொல்லச் சொல்ல ராஜு மலாய் மொழியில் தட்டெழுதினான். கையெழுத்துப் போட்டாள். சாப் குத்தி, நகல் ஒன்றை அவளிடம் கொடுத்தான். அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள்.

யுகேந்திரன் வெளியே வந்ததும் ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கிழிந்த உதட்டோடு சிரித்தான், கையை உயர்த்திக் காட்டினான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவள் அவனைப் பார்த்ததில்லை. "பாத்தியாக்கா? நாம ஒத்துமையா நின்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது!" என்றான். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று தலையை ஆட்டினாள். எப்படிச் சொல்வாள்?

அதன்பிறகு வந்தது வேறு விதமான துன்பம். முகம் தெரியாத யாரோ அவன் வீட்டு விலாசத்தை இன்டர்நெட்டில் போட்டார்கள். கதவில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றினார்கள். பெட்ரோல் நிலையத்தில் நாலு பேர் சேர்ந்து அடித்ததில் விலா எலும்பு இரண்டு விட்டுப்போனது. கேஸ் மறுபடியும் திறக்கப்படுகிறது, விசாரணைக்கு வா என்று கடிதம் வந்தது. இனி இங்கே வைத்திருந்தால் பிணமாகத்தான் கிடைப்பான் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

போன கொஞ்ச நாளில், "என் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதத்தையும் வக்கீல் ஆபீசுக்கு அனுப்பு," என்றான். தினேஸ்வரி அலமாரியைக் கவிழ்த்தாள். நாற்பத்தேழு காகிதம். அதில் அந்த ரிப்போர்ட்டும் இருந்தது. அவளுக்கு மறக்கவில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நன்றாகவே தெரியும். ஆனால் தேதி இருக்கிறது, ஸ்டேஷன் பெயர் இருக்கிறது, அவனைப் பிடித்து வைத்திருந்ததற்கு அதைவிடப் பெரிய சாட்சி ஏது? எல்லாவற்றுக்கும் மேலே சாப் இருக்கிறது. நம் ஊர் ஆபீஸ்களில் ஏறி இறங்கிப் பழகிய புத்தி அப்படி. காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சாப் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சரி போ என்பார்கள். வரி விடாமல் உட்கார்ந்து படிக்கிற மனுஷன் ஒருவன் அங்கே இருப்பான் என்று அவளுக்கு யார் சொன்னது? மொத்தக் கட்டுக்கும் மேலாக அதையே வைத்து அனுப்பினாள்.

இப்போது அது திரும்பி வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து வக்கீலிடமிருந்து மகள் ஷர்மினிக்கு மின்னஞ்சல் வந்தது. அப்பீல் செய்யப் பதினாலு நாள்தான் அவகாசம். அந்த ரிப்போர்ட் பொய் என்று தினேஸ்வரியே சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தால் ஒரு வழி உண்டு. இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"இத மாமா கேக்கலயா?" என்றாள் தினேஸ்வரி.

"மாமா கேக்க மாட்டேன்னுட்டாராம்மா. வக்கீல்தான் கேக்குறாங்க."

தனேஸ்வரன் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தான். "ஏய் தினேசு, புரிஞ்சுதான் பேசுறியா? போலீஸ்ல பொய் ரிப்போர்ட் போடுறது குத்தம். போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா ஒன்னத் தூக்கி உள்ள வப்பாங்கலா. கவுர்மெண்ட் வேல போயிரும். பத்தொன்பது வருஷம் அழுக்குத் துணி தொவச்சியே, பென்ஷனும் போயிரும். அவன் அங்க எப்படியாச்சும் பொழச்சுக்குவான்."

"எப்படிங்க பொழைப்பான்? ஏர்போர்ட்ல எறங்குனா நேரா ஸ்டேஷன்தான்."

"அப்ப நீயும் கூடப் போயி உக்காரு. ரெண்டு பேருக்கும் சேத்துச் சோறு கொண்டுவாரேன்."

ஷர்மினி கல்லூரியில் படிக்கிற பெண். இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "அம்மா, மாமா பைத்தியம் இல்லன்னு சொல்றதுக்கு இவ்ளோ யோசிக்கணுமா?"

அந்தக் கேள்வி தினேஸ்வரியைச் சுட்டது. ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டைச் சொல்லிக்கொண்டே போகும்போது, பாதி உண்மைதானே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. புத்தியுள்ளவன் எவனாவது மண்வாரிக்கு முன்னால் போய் நிற்பானா? இவனுக்கு என்ன தலையெழுத்து? அக்கா இருக்கிறாள், வேலை இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? அந்தக் கோபத்தில்தான் அவள் பொய் அவ்வளவு தடையில்லாமல் வந்தது.

மறுநாள் காலை தனேஸ்வரன் லோரியை வாசலில் உறுமவிட்டான். "ஏறு," என்றான். "ஈப்போ கோர்ட்டுகிட்ட ஒரு ஆளு இருக்காராம். வேல போனா போவுது. தேங்கா இருக்கு, தின்னுட்டுக் கெடப்போம்."

கோர்ட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் மாடிமேல் ஐயாத்துரையின் அறை இருந்தது. சத்தியக் கடுதாசிகளுக்குச் சாப் குத்துவதுதான் அவர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அரசாங்கத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டை மடிப்பே அவரைப் பற்றிச் சொல்லிவிடும். வக்கீல் அனுப்பியிருந்த தாளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரிஞ்சுதான் வந்தனீரோ? உம்மடை குற்றத்தை நீரே ஒப்புக்கொள்ளுறீர். நாளைக்குப் பொலிஸ் வந்து கேட்டால் நான் ஒண்டும் செய்யேலாது."

"தெரியுங்க ஐயா. ஒருக்க படிச்சுச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னார். அவள் துணி துவைப்பவள் என்பது, தம்பிக்கு எந்த வியாதியும் எப்போதும் இருந்ததில்லை என்பது, அவனை வெளியே எடுக்கத்தான் பொய் சொன்னாள் என்பது, எல்லாம் இருந்தது. முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஐயா, ஒண்ணு விட்டுப்போச்சு. ஆத்தா கேக்குறான்னு அவன் சொன்னான்ல, அத அவங்க வியாதின்னு எழுதிட்டாங்க. நானே அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். அது வியாதி இல்லன்னு போடணும். எங்க ஜனம் அப்படித்தான் பேசும். வெளச்சல் இல்லன்னா ஆத்தா கோவமா இருக்கான்னு சொல்லுவோம், மழ பேஞ்சா ஆத்தா சிரிச்சுட்டான்னு சொல்லுவோம். யாருக்கும் காதுல ஒண்ணும் கேக்கல."

ஐயாத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை இங்கிலீசிலை என்னெண்டு எழுதுறது?"

"எப்படியாச்சும் எழுதுங்க ஐயா."

அவர் பேனாவால் ஓரத்தில் இரண்டு வரி எழுதினார், அடித்தார், மறுபடியும் எழுதினார். பிறகு, "சரியா வந்திருக்கெண்டு சொல்லேலாது. ஆனால் பொய் இல்லை," என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் சாப் குத்தினார். கூலியை நீட்டியபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

நாலு நாள் கழித்து யுகேந்திரன் கூப்பிட்டான். "படிச்சேன்க்கா. மூணு தரம் படிச்சேன்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "மன்னிச்சுக்கடா. ஒன் ஒதட்டப் பாத்ததும் எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"தெரியும்க்கா. நான் ஒன்மேல கோவப்படல. ஆனா உள்ள இருந்தப்ப எனக்கு ஒரே தெம்பு, நான் சொன்னது ஞாயம், அதக் கேட்டு ஜனம் வந்து நிக்குதுங்குறதுதான். இங்க வந்து குளிர்ல நடுங்குறப்பவும் அதத்தான் நெனச்சுக்குவேன். அது இல்லன்னா நான் யாருக்கா? அதனால ஒண்ணு கேக்குறேன். இனிமே எவன் கேட்டாலும், எதுக்காகவும், என்னப் பைத்தியம்னு சொல்லாத. சத்தியம் பண்ணு."

"என்ன ஆனாலுமா?"

"என்ன ஆனாலும்."

பண்ணினாள். அம்மா மேல் சத்தியம்.

தீர்ப்பு வர ஏழு மாசம் ஆனது. அந்த ஏழு மாசமும் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் வண்டி ஒன்று நின்றால் போதும், அவள் மடித்த போர்வையையே மறுபடியும் பிரித்து மடிப்பாள். யாரும் வரவில்லை. வேலையும் போகவில்லை. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்குமூலத்தை இந்த ஊரில் ஒரு ஈ காக்கைகூடச் சட்டை செய்யவில்லை. அங்கேயாவது செய்தார்களா? ஷர்மினி தீர்ப்பில் இருந்த ஒரு பத்தியை இரண்டு தரம் படித்து, மூன்றாம் தரம்தான் அம்மாவிடம் சொன்னாள். தம்பியைக் காப்பாற்றுவதற்காக ஒருமுறை போலீசிடமே பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ளும் சகோதரி, அதே தம்பியைக் காப்பாற்ற இப்போதும் பொய் சொல்லமாட்டார் என்று நம்புவதற்கில்லை. அவ்வளவுதான், அப்பீல் தள்ளுபடி. அந்த நீதிபதியைத் திட்டலாம் என்று பார்த்தால் வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி வந்து நின்றால் அவளேகூட அப்படித்தான் நினைப்பாள்.

பங்குனி மாசம் அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கோலாலம்பூரில் இறங்கிய இடத்திலேயே பிடித்து, பழைய ஸ்டேஷனுக்கே கொண்டுவந்தார்கள். காலை பத்து மணிக்குத் தினேஸ்வரிக்குப் போன் வந்தது. "அக்கா, நான் சார்ஜன் ராஜு. தம்பி இங்கதான் இருக்காரு. நீங்க மட்டும் வாங்க, கொஞ்சம் பேசணும்."

அவள் அவசர அவசரமாகச் சோறு வடித்து, அவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலைக் கிண்டி, பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினாள். ராஜுவுக்கு மீசை பாதி நரைத்திருந்தது. அவளை உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒங்களுக்கு நல்லதுதான் சொல்றேன். நீங்க அன்னிக்கு எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு ஃபைல்ல அப்படியே இருக்கு. தம்பி இன்னும் அதே நெலமையிலதான் இருக்கான்னு இன்னிக்கு ஒரு வரி குடுத்துடுங்க. டாக்டர்கிட்ட காட்டணும்னு அனுப்புவாங்க, கேஸ் தானா அடங்கிரும், ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். இல்லன்னா நாளைக்குக் கோர்ட்டு. மூணு வருஷம்கூடப் போடலாம்லா. அவரு ஒடம்பு அதத் தாங்காது, பாத்தாலே தெரியுது."

எல்லாம் தயாராக இருந்தது. தாள் இருந்தது, பேனா இருந்தது, பக்கத்தில் மைப்பெட்டியோடு சாப்பும் இருந்தது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

தினேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் யுகேந்திரன் இருந்தான். ஈப்போ வெக்கையில், குளிர்நாட்டுத் தடித்த கோட்டோடு, கன்னம் ஒட்டிப்போய், முப்பத்தொரு வயதில் ஐம்பது வயது ஆளைப் போல இருந்தான். மேஜைமேல் இருந்த தாளை அவனும் பார்த்துவிட்டான். தலையை ஆட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேனாவை எடுத்தாள். ஒரே ஒரு வரி. அவனுக்கு இன்னும் அப்படித்தான் இருக்கிறது என்று எழுதினால், நாளைக்கு மறுநாள் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சம்பல் தொட்டுச் சாப்பிடுவான். கோபித்துக்கொள்வான், பேசமாட்டான், பேசாவிட்டால் போகிறான், கண் முன்னால் இருப்பானே! பெற்றவள் இருந்திருந்தால் எழுதியிருப்பாள் என்று நினைத்தாள்.

"சார்ஜன், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"நானா? பாகான் டத்தோ பக்கம்க்கா. தோட்டந்தான்."

"ஒங்க தோட்டத்துல கோயில் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அங்க யாராச்சும் ஆத்தா இப்படிக் கேக்குறான்னு சொன்னா, ஒங்க வீட்டுல அவங்களப் பைத்தியம்னா சொல்லுவீங்க?"

ராஜு மேஜைமேல் இருந்த சாப்பை எடுத்து, பிறகு இருந்த இடத்திலேயே வைத்தான்.

தினேஸ்வரி எழுதினாள். அவளுடைய மலாய் அவ்வளவு நன்றாக இருக்காது, பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றது. எழுதிய பிறகு எழுந்து நின்று, கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று தமிழில் உரக்கவே சொன்னாள்: "என் தம்பிக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அவன் பேசுனது அத்தனையும் தெரிஞ்சுதான் பேசுனான். நாந்தான் பொய் சொன்னேன்."

ராஜு தாளை வாங்கிப் படித்தான். "அக்கா, யோசிச்சுக்குங்க. இதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"குத்துங்க சார்ஜன்."

அவன் குத்தினான். வழக்கம்போல நகல் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"எனக்கு வேணாம்," என்றாள். "அவங்கிட்ட குடுங்க. அவன் படிக்கட்டும்."

ராஜு கம்பி வழியாக அதைக் கொடுத்தான். யுகேந்திரன் நின்றுகொண்டே படித்தான். பிறகு தாளை நாலாக மடித்து, அந்தத் தடித்த கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். சோற்றுப் பொட்டலம் இன்னும் தன் கையிலேயே இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.